பிளைவுட்ல ஆரம்பிச்சு ஆக்ஸில்ல முடியற செலவு

கோயம்புத்தூர்ல ஐ.டி. வேலையில இருக்கிற 29 வயசு சந்தாதாரர் ஒருத்தர் மெயில்ல ஒரு கொட்டேஷனை ஃபோட்டோ எடுத்து அனுப்பி, "அண்ணா, இதுக்கு பர்சனல் லோன் எடுக்கலாமா? 14 சதவீதத்துக்கு ஆஃபர் வந்திருக்கு"ன்னு கேட்டிருந்தார். செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஃபோர்ஸ் குர்கா வாங்கியிருக்கார். ஃபோர் வீல் டிரைவ், அஞ்சு கதவு. அதை கேம்பர் வேனா மாத்தி, ஜூன் மாசம் அப்பா, அம்மா, மனைவி மூணு பேரையும் கூட்டிக்கிட்டு ஸ்பிதி பள்ளத்தாக்கு போகணும்னு ஆசை. அவர் அனுமதியோடதான், பேர் போடாம, இதை இங்க எழுதறேன்.

கொட்டேஷன்ல மூணே வரி. பின் ஆக்ஸிலை எடுத்துட்டு வேற கனரக வண்டியோட ஆக்ஸிலை ஸ்பிரிங்கோட பொருத்த 2,10,000 ரூபாய். நாலு வீலுக்கும் டிஸ்க் பிரேக் போட 95,000. இன்சுலேஷன், 18 எம்.எம். பிளைவுட், மர டிசைன் வினைல், ரெண்டு பக்கமும் பெட்டி வெச்ச படுக்கைன்னு ஃபுளோரிங் வேலைக்கு 1,55,000. மொத்தம் 4,60,000.

என் பதில்: எடுக்காதீங்க.

இதோட நிறுத்தியிருந்தா நான் வழக்கமான ஆடிட்டர் அங்கிள் ஆகியிருப்பேன். "வண்டிங்கிறது தேயற சொத்து, அந்தப் பணத்தை இண்டெக்ஸ் ஃபண்ட்ல போடுங்க"ன்னு சொல்றதுக்கு சி.ஏ. படிச்சிருக்க வேண்டியதில்ல. வண்டி தேயும், எல்லாருக்கும் தெரியும். அப்பா அம்மாவை மலைக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு எக்செல்ல ரிட்டர்ன் கணக்கு போடற ஆள் நான் இல்ல. எனக்குப் பிரச்னை அந்த மூணு வரியும் எழுதப்பட்ட வரிசையில இருக்கு.

அதைக் கீழ இருந்து மேல படிச்சுப் பாருங்க. ஃபுளோரிங் கனமா போடறோம். கனம் ஏறினதால பின் ஆக்ஸில் தாங்காதுன்னு பெரிய ஆக்ஸில். வண்டி கனமாயிடுச்சு, அதனால பெரிய பிரேக். மூணு செலவு மாதிரி தெரியறது உண்மையில ஒரே முடிவு. 18 எம்.எம். பிளைவுட்டுன்னு முடிவு பண்ணின அன்னைக்கே மீதி மூணு லட்சமும் முடிவாயிடுச்சு. சம்பளம் ஏறினதும் பெரிய வீடு, பெரிய வீட்டுக்குப் பெரிய சோஃபா, பெரிய சோஃபாவுக்குப் பெரிய டிவின்னு போகுதே, அதே கதை இங்க சக்கரத்துல ஓடுது.

எடைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எட்டுக்கு நாலு அடி பிளைவுட் ஷீட் 18 எம்.எம். தடிமன்ல தோராயமா 35 கிலோ வரும். தரைக்கு ஒண்ணு, பெட்டிகளுக்கு மூணு, ஆக 140 கிலோ. வீட்ல சும்மா கிடக்கிற 150 ஏ.ஹெச். டியூபுலர் இன்வெர்ட்டர் பேட்டரியை ஏத்திக்கலாம்னு அவர் திட்டம். காசு மிச்சம்தான், ஆனா அது கிட்டத்தட்ட 60 கிலோ. தண்ணி 60 லிட்டர்னா 60 கிலோ, அதுல பேரமே கிடையாது. கூரை மேல ரேக், டென்ட் 65. அடுப்பு, சின்ன சிலிண்டர், துணிமணி, சாப்பாடு 60. நாலு பேர் 260. கூட்டினா 645 கிலோ. வண்டி வாங்கினப்போ ஆளுங்களும் லக்கேஜும்னு நினைச்சு வடிவமைச்ச ஒரு வண்டிக்கு இது சாதாரண சுமை இல்ல. அதுவும் பெரும்பகுதி பின் ஆக்ஸில் மேலயே உட்காரும்.

இப்போ வேற மாதிரி போடுங்க. தரைக்கு 9 எம்.எம். பிளைவுட், பெட்டிக்கு அலுமினிய சட்டம், அதுக்கு மேல 9 எம்.எம். பலகை. 140 கிலோ 65-க்கு இறங்கும். பேட்டரியை வீட்லயே விடுங்க. முதல் பயணத்துக்கு போன் சார்ஜும் ஒரு எல்.இ.டி. விளக்கும் வண்டியோட 12 வோல்ட் சாக்கெட்லயே நடக்கும். தண்ணி 30 லிட்டர் போதும், வழியெல்லாம் ஊர் இருக்கு. கூரை டென்ட்டுக்குப் பதிலா தரையில போடற டென்ட் 15 கிலோவுக்குள்ள முடிஞ்சிடும். 75, 60, 30, 50. மொத்தம் 215 கிலோ குறைஞ்சாச்சு. 645 இருந்த இடத்துல 430.

இதை நம்பணும்னு இல்ல, அளந்து பாருங்க. ஊருக்கு வெளிய லாரிங்க நிக்கற எடை மேடைக்குப் போனா நூறு, இருநூறு ரூபாய்தான் கேட்பாங்க. முழு வண்டியை ஒரு தடவை, முன் சக்கரம் மட்டும் மேடையில இருக்கிற மாதிரி ஒரு தடவை, பின் சக்கரம் மட்டும் ஒரு தடவை. வண்டியோட தகடுலயும் மேனுவல்லயும் மொத்த எடை வரம்பு, ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் வரம்புன்னு இருக்கும். அதோட ஒப்பிடுங்க. ரெண்டு லட்சம் செலவு தேவையா இல்லையாங்கிற கேள்விக்கு இருநூறு ரூபாய்ல பதில் கிடைக்குது. எனக்குத் தெரிஞ்சு இதைவிட நல்ல ரிட்டர்ன் தர்ற முதலீடு மார்க்கெட்ல இல்ல.

ஆக்ஸில் விஷயத்துல இன்னொண்ணு. இந்த கொட்டேஷன்ல பின் ஆக்ஸில் மட்டும்தான் மாத்தறாங்க. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில முன்னாடியும் பின்னாடியும் இருக்கிற கிரவுன் பினியன் ரேஷியோ ஒண்ணா இருக்கணும். வேற வண்டியோட ஆக்ஸில்னா அந்த ரேஷியோவும் வேறயா இருக்க வாய்ப்பு அதிகம். டூ வீல்ல ஓட்டும்போது ஒண்ணும் தெரியாது. ஃபோர் வீல் லீவரைப் போட்டதும் முன் சக்கரம் ஒரு வேகத்துல சுத்தப் பார்க்கும், பின் சக்கரம் இன்னொரு வேகத்துல. நடுவுல டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கும், ஏதாவது ஒண்ணு உடையும். ஃபோர் வீல் டிரைவ் வேணும்னுதான் இந்த வண்டியையே வாங்கினார். ரெண்டு லட்சம் கொடுத்து அதையே முடக்கற வேலை இது. கராஜ்ல "ரேஷியோ என்ன?"ன்னு கேளுங்கன்னேன். கேட்டிருக்கார். "ஓட்டிப் பார்த்தா செட் ஆயிடும் சார்"னு பதில் வந்திருக்கு.

சட்டத்துக்கு வருவோம், ஏன்னா இதைத்தான் யாரும் ரீல்ஸ்ல சொல்றதில்ல. மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணிச்சு. நிறம் மாத்தறது, சின்னச் சின்ன ஃபிட்டிங் எல்லாம் வேற விஷயம். அதே 2019-ல சட்டத் திருத்தத்துல சேர்த்த 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத மாற்றம் பண்ணின உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லன்னா ரெண்டும். ஆக்ஸில் மாத்தறது சின்ன ஃபிட்டிங் கணக்குல வராது. இன்னொரு வேடிக்கை, ஆக்ஸிலை எவ்வளவு பெருசா மாத்தினாலும் தகடுல இருக்கிற மொத்த எடை வரம்பு ஒரு கிலோகூட ஏறாது. காகிதத்துல அந்த வண்டிக்கு பழைய பலம்தான்.

காகிதம்னா என்ன, போலீஸ் புடிச்சா பார்த்துக்கலாம்னு சிலர் நினைக்கலாம். ஐயாயிரம் ரூபாய் அபராதத்தைப் பத்தி எனக்குப் பெரிய கவலை இல்ல. கவலை இன்ஷூரன்ஸ். பாலிசி எடுத்த வண்டி ஒண்ணு, ரோட்ல ஓடற வண்டி இன்னொண்ணுன்னா, விபத்துக்கு அப்புறம் சர்வேயர் முதல்ல அந்த வெல்டிங்கைத்தான் ஃபோட்டோ எடுப்பார். முக்கியமான மாற்றத்தைச் சொல்லலைன்னு சொந்த வண்டி சேதத்துக்கான கிளெய்மை மறுக்க அதுவே போதும். அப்படியே கிளெய்ம் கிடைச்சாலும் பாலிசியில எழுதியிருக்கிற ஐ.டி.வி.தான் உச்சவரம்பு. அது கம்பெனி விலையில இருந்து தேய்மானம் கழிச்சு வர்ற தொகை, அஞ்சு வருஷத்துக்கு மேல போன வண்டின்னா பேசி முடிவு பண்ற தொகை. நீங்க உள்ள கொட்டின 4,60,000 அந்த எண்ணுக்குள்ள தானா வந்து சேராது. வண்டி திருடு போனா கடன் மட்டும் உங்ககிட்ட இருக்கும்.

சரி, பிரேக். இதுல நான் கஞ்சத்தனம் பேச மாட்டேன். வண்டியில பின் சீட்ல தூங்கிட்டு வரப்போறது அறுபது வயசைத் தாண்டின ரெண்டு பேர்.

வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நாலு மடங்காகும், எடை கூடினா அதே விகிதத்துல கூடும். அந்த சக்தி முழுக்க வெப்பமாத்தான் போகணும், வேற வழி இல்ல. சமதளத்துல ஒரு தடவை மிதிச்சா சூடு ஆறிடும். கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்லயே காலை வெச்சுக்கிட்டு இறங்கினா ஆறவே நேரம் இருக்காது. மசினகுடி பக்கம் இறங்கற கல்லட்டி ரோட்டை ஓட்டினவங்களுக்குத் தெரியும், 36 வளைவுதான், ஆனா சரிவு என்ன சரிவு! அங்க கியரை இறக்கி இன்ஜினை வெச்சே வண்டியைப் பிடிக்கணும். லைனிங் கருகற வாசனை வந்துச்சுன்னா ஏற்கெனவே தாமதம்.

இதுல பலரும் மறக்கறது பிரேக் ஆயில். அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம இருக்கணும்னு தரம். ஈரம் சேர்ந்த நிலைக்கு அந்த அளவு 155 டிகிரிதான். கொதிச்சா குழாய்க்குள்ள ஆவி. ஆவியை அமுக்க முடியும், அதனால பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது. பெரிய டிஸ்க் போட்டாலும் பழைய ஆயில்னா இதே கதிதான். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்த வேண்டிய ஆயில், சில நூறு ரூபாய் சமாச்சாரம். நம்ம நண்பர் வண்டியில கடைசியா எப்போ மாத்தினாங்கன்னு பழைய ஓனருக்கே தெரியல.

பின் டிரம்மை எடுத்துட்டு டிஸ்க் போடறதுல ரெண்டு கேள்வி கேட்கணும். மாஸ்டர் சிலிண்டரும் முன் பின் அழுத்தப் பங்கீடும் அந்த வண்டிக்குன்னு கணக்குப் போட்டு வெச்சது. பின் பிரேக் முன்னாடியைவிட வேகமா கவ்வினா பின் சக்கரம் பூட்டிக்கிட்டு வண்டி பக்கவாட்டுல திரும்பும். அடுத்தது ஹேண்ட்பிரேக். பல வண்டியில அது பின் டிரம்லதான் வேலை செய்யுது. டிஸ்க் போட்டதும் அது எங்க போச்சு? கொட்டேஷன்ல ஹேண்ட்பிரேக்னு ஒரு வார்த்தைகூட இல்ல. மலைச்சரிவுல நிறுத்தி உள்ள நாலு பேர் தூங்கப் போற வண்டிக்கு, ஓடற பிரேக்கைவிட நிக்கற பிரேக் முக்கியம்னே சொல்வேன்.

அதனால அவர்கிட்ட இன்னொரு இடத்துல, கம்பெனி பிரேக்கையே முழுசா புதுப்பிக்க எவ்வளவுன்னு கேட்கச் சொன்னேன். முன் பேட், டிஸ்க் கடைசல், பின் லைனிங், வீல் சிலிண்டர், ரப்பர் குழாய்கள், ஆயில், வீல் பேரிங் கிரீஸ், ஹேண்ட்பிரேக் கேபிள் எல்லாம் சேர்த்து 34,000 சொல்லியிருக்காங்க. 95,000-த்துக்கு மூணுல ஒரு பங்கு, ஆர்.டி.ஓ. பிரச்னை இல்ல, பாகம் எந்த ஊர்லயும் கிடைக்கும்.

ஃபுளோரிங்ல எனக்கு அழகைப் பத்திக் கருத்து இல்ல, தண்ணியைப் பத்தி உண்டு. தகரத் தரை மேல இன்சுலேஷன், பிளைவுட், வினைல்னு அடைச்சு ஒட்டினா உள்ள போன ஈரம் வெளிய வராது. ஷூ ஈரம், கொட்டின தண்ணி, ராத்திரி நாலு பேர் மூச்சுக் காத்து குளிர்ந்து வழியறது எல்லாம் அடியில தேங்கும். ரெண்டு மழைக்காலம் கழிச்சு பலகையைத் தூக்கினாத்தான் துரு தெரியும். ஒட்டாம, போல்ட் போட்டு கழட்டற மாதிரி பண்ணச் சொல்லுங்க. ஆணி அடிக்கறதுக்கு முன்னாடி தரைக்கு துரு தடுப்பு பெயின்ட் ஒரு கோட். விக்கற அன்னைக்கும் கழட்டற தரைதான் லாபம். வாங்கறவர் உங்க மர டிசைனுக்குக் காசு தர மாட்டார், துருவுக்கு மட்டும் விலையைக் குறைப்பார்.

இப்போ அவரோட மாசக் கணக்கு. கைக்கு வர்ற சம்பளம் 85,000. வண்டி 9,50,000-க்கு வாங்கினார், 7,50,000 லோன், 13 சதவீதம், அஞ்சு வருஷம், இ.எம்.ஐ. 17,065. வாடகை 16,000. ஊருக்கு அனுப்பறது 10,000. எஸ்.ஐ.பி. 8,000. வீட்டுச் செலவு 22,000. மீதி 11,935. புது பர்சனல் லோன் 4,60,000-ஐ 14 சதவீதத்துல நாலு வருஷத்துக்கு எடுத்தா இ.எம்.ஐ. சுமார் 12,570. மைனஸ் 635.

அந்த 635 ரூபாயைப் பார்த்து "அட, இவ்வளவுதானா, சமாளிச்சுக்கலாம்"னு தோணும். எப்படிச் சமாளிப்போம்னு எனக்குத் தெரியும். மூணாவது மாசம் எஸ்.ஐ.பி. நிக்கும், ஆறாவது மாசம் கிரெடிட் கார்டு மினிமம் டியூ ஆரம்பிக்கும். நாலு வருஷத்துல வட்டி மட்டும் 1,43,000-க்கு மேல. அதாவது ஃபுளோரிங் வேலைக்கு ஆகற காசுக்குக் கிட்டத்தட்ட சமமா வட்டி.

லீவு எத்தனை நாள் கிடைக்கும்னு கேட்டேன். நல்ல வருஷத்துல 30 ராத்திரி வண்டியில தூங்கலாம்னார். ரெண்டு இ.எம்.ஐ.யும் சேர்த்து வருஷத்துக்கு 3,55,620. முப்பதால வகுத்தா ஒரு ராத்திரிக்கு 11,854 ரூபாய், டீசல், இன்ஷூரன்ஸ் சேர்க்காம. பெங்களூர்லயே கேம்பர் வேன் வாடகைக்குக் கிடைக்குது. பக்கத்துல கேரளா 2021-ல கேரவன் சுற்றுலாவுக்குன்னே தனித் திட்டம் ஆரம்பிச்சிருக்கு. அம்மாவுக்கு வேன்ல தூங்கப் பிடிக்குமா, ராத்திரி பாத்ரூமுக்கு என்ன பண்ணுவாங்கங்கிறதை ரெண்டு நாள் வாடகை வண்டியில தெரிஞ்சுக்கலாம். இந்தக் கேள்வியை அவர் இன்னும் அம்மாகிட்டயே கேட்கலைங்கிறது தனிக்கதை.

கடைசியா பேசி வெச்ச திட்டம் இது. சேமிப்புல 1,10,000 இருக்கு. அதுல இருந்து 34,000 எடுத்து பிரேக் வேலையை இந்த வாரமே முடிக்கறார். எமர்ஜென்சி ஃபண்டைத் தொடலாமான்னு கமெண்ட்ல வருவீங்கன்னு தெரியும். வேலைக்கு தினமும் ஓட்டற வண்டியில பிரேக் சந்தேகம்னா அதைவிட எமர்ஜென்சி எனக்குத் தெரியல. மார்ச்ல இருந்து மாசம் பதினோராயிரம் சொச்சம் மீதி வருது. முதல் மூணு மாசம் எடுத்த பணத்தைத் திருப்பி வைக்க. அடுத்த நாலு, அஞ்சு மாசம் 52,000 ரூபாய்ல கழட்டற மாதிரி லேசான ஃபுளோரிங். ஆக்ஸில் கொட்டேஷன் குப்பைக்கு, எடை மேடை ரசீது ஃபைலுக்கு. பயணம் ஜூன்ல இருந்து செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப் போகுது. மழைக்காலம் ஓய்ஞ்சு ஸ்பிதியில வானம் தெளிவா இருக்கற நேரம் அது, அதனால அவருக்கும் பெரிய வருத்தம் இல்ல. உயரத்துக்கு உடம்பு பழகணும், அதுக்கு முன்னாடி அப்பாவை டாக்டர்கிட்ட காட்டிடுங்கன்னு மட்டும் சொன்னேன், அது என் துறை இல்லன்னாலும்.

இந்த மாதிரி மெயில்ல எப்பவும் கடைசி வரியா வர்ற கேள்வி: "டிராவல் சேனல் ஆரம்பிக்கப் போறேன், இதையெல்லாம் பிசினஸ் செலவா காட்டலாமா?" சம்பள வருமானத்துல இருந்து வண்டிச் செலவைக் கழிக்க வழி கிடையாது. சேனல்ல உண்மையாவே வருமானம் வந்து, அதைத் தொழில் வருமானமா காட்டி, கணக்குப் புத்தகம் வெச்சிருந்தா, தொழிலுக்கு ஓட்டற பங்குக்கு மட்டும் வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் கிடைக்கும். ஊகத்தின் அடிப்படையிலான திட்டத்துல கணக்கு காட்டினா அந்தத் தேய்மானமும் தனியா கிடையாது. சொந்த உபயோகத்துக்கு வெச்ச வண்டியை நஷ்டத்துக்கு வித்தா அந்த நஷ்டத்தையும் எங்கயும் கழிக்க முடியாது, அது மூலதனச் சொத்து கணக்குலயே வராது. முதல் வீடியோவுக்கு நூறு டாலர் வரட்டும், அப்புறம் ஆடிட்டரைப் பாருங்க.